இரும்பு ஊசியும் தார்ப் பூச்சும்

பீங்கானை இழுத்தால் உடையும், அமுக்கினால் தாங்கும். இழுவையில் அது பொறுக்கும் சுமையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கை அமுக்கத்தில் பொறுக்கும். இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு, விலையையும் பெரிதாக ஏற்றாமல், பீங்கானிடம் வேலை வாங்கியவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க நெய்வேலிக்காரர்கள் எங்கும் போகவேண்டாம். தலையைத் தூக்கினால் போதும்.

இரண்டாம் அனல்மின் நிலையத்திலிருந்து 400 கிலோவோல்ட் கம்பிகள் புறப்படுகின்றன. கோபுரத்தின் கைகளிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் தட்டுகளை லைன்மேன்கள் ‘டிஸ்க்’ என்பார்கள். நம் நாட்டில் 400 கிலோவோல்ட் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் பீங்கான் சரத்தில் பெரும்பாலும் 23 டிஸ்க் இருக்கும். ஒன்றின் விட்டம் 255 மில்லிமீட்டர். அடுத்ததற்கு இடைவெளி 145 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் 120 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 12 டன் இழுவையைத் தாங்கவேண்டும். இழுத்தால் உடையும் பொருளை நம்பி 12 டன்னைத் தொங்கவிடுகிறார்கள்.

டிஸ்க்கின் நடுவே பீங்கான் ஒரு தலையாக மேலெழும்பியிருக்கும், தலைக்குள் குழிவு. தலைமேல் ஓர் இரும்புத் தொப்பி, குழிவுக்குள் ஓர் இரும்புப் பின், இரண்டையும் பீங்கானோடு பிணைக்கச் சிமென்ட். மேலே உள்ள டிஸ்க் தொப்பியைத் தூக்குகிறது. கீழே உள்ள பாரம் பின்னை இறக்குகிறது. பின்னின் முனை பருத்திருப்பதால், அது இறங்கப் பார்க்கும்போதெல்லாம் சுற்றியுள்ள பீங்கானை வெளிப்புறமாக நெருக்கும். தொப்பியின் உட்சரிவு அதே பீங்கானை உள்நோக்கி நெருக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பீங்கானுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அமுக்கம்தான். பாரம் கூடக் கூட அமுக்கமும் கூடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது இழுவையில் தொங்கும் சங்கிலி. உள்ளே பீங்கான் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்குள் இன்னும் சின்னதாக ஒரு நுணுக்கம் இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. பின்னைச் சிமென்டில் பதிப்பதற்கு முன் அதன்மேல் மெல்லிய தார்ப் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். இரும்பு வெயிலில் விரியும் அளவு பீங்கான் விரிவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு சித்திரை மதியமும் அந்தப் பின் உள்ளேயிருந்து தலையைப் பிளக்கப் பார்க்கும். தார் அது சற்றே நழுவ இடம் கொடுக்கிறது. பீங்கான் பக்கத்தில் நேர்மாறான ஏற்பாடு. சிமென்ட் படும் இடத்தில் மட்டும் பீங்கான் குறுமணலை ஒட்டிச் சுட்டுச் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். சிமென்ட் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரே மூட்டில், ஒரு விரற்கடை தூரத்துக்குள், ஒரு பக்கம் வழுக்கல், மறுபக்கம் பிடிப்பு.

எவனோ ஒரு பையன் கல்லெறிந்து தட்டை உடைத்துவிட்டான் என்று வையுங்கள். தட்டு முழுவதும் உதிர்ந்தாலும் தொப்பிக்குள் நெருக்கப்பட்டிருக்கும் தலை அங்கேயே இருக்கும். கம்பி கீழே விழாது. உடைய வேண்டிய இடத்தையும் உடையக்கூடாத இடத்தையும் வரையும்போதே பிரித்துவைத்திருக்கிறார்கள். புதிய தடங்களில் சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அவற்றின் நன்மைகள் உண்டு. எடை குறைவு, கல்லடிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் இந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கும் யோசனையின் அழகு வேறு.

டிஸ்க்கின் மேல் பளபளக்கும் கிளேஸும் அழகுக்காக மட்டும் போட்டதன்று. மழையில் அழுக்கு கழுவிப் போகவேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. கிளேஸின் கலவையை, அது ஆறும்போது உள்ளே இருக்கும் பீங்கானைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்படி அமைப்பார்கள். சூளையிலிருந்து இறங்கி ஆறும்போது உடம்பு அதிகம் சுருங்கும். மேல்தோல் சுருங்க மறுக்கும். முடிவில் தோல் நிரந்தரமான அமுக்கத்தில் நின்றுவிடும். விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்கும். அங்கே அது வாய் திறக்கவேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வென்றாகவேண்டும். மின்பீங்கானுக்கான சர்வதேசத் தரநிலை இதை எண்ணிலேயே எழுதிவைத்திருக்கிறது: சாதாரண குவார்ட்ஸ் பீங்கானின் வளைவு வலிமை கிளேஸ் இல்லாமல் 50 மெகாபாஸ்கல், கிளேஸோடு 60. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தோல், ஐந்தில் ஒரு பங்கு வலிமையைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறது. கணக்கு தலைகீழானால், அதாவது தோல் அதிகம் சுருங்கினால், பழைய தேநீர்க் கோப்பைகளில் காண்கிறோமே, வலைபோன்ற மெல்லிய கீறல்கள், அது வந்துவிடும்.

இந்த மண் விஷயம் நெய்வேலியின் சொந்த விஷயம். லிக்னைட்டுக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. நெய்வேலியில் அதைக் கழுவி மணலைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையே வைத்தார்கள். பக்கத்து வடலூரில் நெய்வேலி செராமிக்ஸ் அண்ட் ரிஃப்ராக்டரீஸ் வந்தது. ‘நெய்செர்’ என்ற பெயரை நம் வீட்டுக் குளியலறைகளில் பார்த்திருப்போம். விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு டிப்ளமோ கல்லூரி. அதைச் சுற்றி அகல்விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று சுடும் சின்னச் சின்னச் சூளைகள். அப்படிப்பட்ட ஊரில் பீங்கான் உடைவதைப் பற்றிப் பேச வெளியூர் உதாரணம் தேவையில்லை.

ஏன் உடைகிறது? ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார். அதற்குப் பிறகு கையாலேயே நெடுகக் கிழித்துவிடுவார். இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் நுனிக்கு வந்து குவிகிறது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நடப்பது அதுவே என்பதை 1921-இல் வெளியான கட்டுரையில் இங்கிலாந்தின் கிரிஃபித் கணக்குப்போட்டுக் காட்டினார். பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் எமன். இரும்பிலும் கீறல் உண்டு; ஆனால் கீறலின் நுனியில் இரும்பு நெகிழ்ந்து மழுங்கிவிடும். பீங்கானின் அணுக்கட்டுக்கு நெகிழத் தெரியாது. விரிசலை எதிர்க்கும் திறனை அளக்கும் அளவுகோலில் கண்ணாடிக்கு ஒன்றுக்கும் கீழே. பீங்கானுக்கு ஒன்றுக்குச் சற்று மேலே. நல்ல அலுமினாவுக்கு மூன்று, நான்கு. சாதாரணக் கட்டுமான எஃகுக்கு ஐம்பதுக்கும் மேல். நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணாகக் கிடக்கும் கடலூர் மணற்பாறை சுழல்சக்கர எந்திரத்தின் பக்கெட்டுகளில் உள்ள எஃகுப் பற்களை அரித்துத் தின்றுவிடும். கடினத்தில் அலுமினா அந்த எஃகை எளிதாக மிஞ்சும். இருந்தும் பக்கெட்டுக்கு அலுமினாப் பல் வைக்க முடியாது. முதல் மோதலிலேயே தெறித்துவிடும்.

ஆக, வழி என்ன? செலவான வழி ஒன்று உண்டு. அதன் நயத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. ஜிர்கோனியா என்ற ஆக்சைடு உயர்ந்த வெப்பத்தில் ஒரு படிக வடிவத்திலும், ஆறியபின் வேறொரு வடிவத்திலும் இருக்கும். மாறும்போது கன அளவு நான்கைந்து சதவீதம் பெருகும். கொஞ்சம் இட்ரியா சேர்த்து, துகளைப் பொடியாக வைத்தால், அந்தச் சூட்டு வடிவத்தையே அறை வெப்பத்திலும் பிடித்து நிறுத்திவைக்கலாம். மாறத் துடிக்கும் துகள்கள், மாற முடியாமல் நெருக்கத்தில் நிற்கின்றன. ஒரு விரிசல் அந்தப் பக்கம் வரும். அதன் நுனியில் இழுவை இருக்குமல்லவா, அந்த இழுவை பட்டவுடன் அங்குள்ள துகள்கள் மட்டும் வடிவம் மாறிப் பருத்துவிடும். பருத்தால் விரிசலின் வாய் நெரிபடும். விரிசலைக் கொண்டே விரிசலை அடைக்கும் வேலை! 1975-இல் ஆஸ்திரேலியாவின் கார்வி, ஹேனிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் நேச்சர் இதழில் இதை வெளியிட்டபோது, தலைப்பில் ‘செராமிக் எஃகு’ என்று எழுதிக் கேள்விக்குறி ஒன்றையும் போட்டார்கள். அந்தக் கேள்விக்குறியின் அடக்கத்தையும் நான் ரசிக்கிறேன்.

குறை விலைதான். பல்லுக்கு உறை போட அந்த விலை கட்டுப்படியாகும். பாய்லர் சுவருக்கு ஆகாது. அதனால்தான் 1980 வாக்கில் ஜெர்மனியில் கிளாசென் காட்டிய குறுக்குவழி முக்கியம். சுத்திகரித்த ஜிர்கோனியா வாங்குவதற்குப் பதில், கடற்கரை மணலில் கிடைக்கும் ஜிர்கானையே அலுமினாவோடு அரைத்துக் கலந்து சுட்டார். நம் மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம். சூளைக்குள் ஜிர்கானின் சிலிக்கா அலுமினாவோடு சேர்ந்து முல்லைட் ஆகிவிடும். ஜிர்கோனியா பொடித்துகள்களாகத் தனியே பிரிந்து முல்லைட்டுக்குள் பரவி நிற்கும். தனி ஆலையில் காசு கொட்டிச் செய்யவேண்டிய சுத்திகரிப்பைச் சூளையே போகிறபோக்கில் செய்து முடிக்கிறது.

இருந்தாலும், நெய்வேலியில் நின்றுகொண்டு மலிவான உறுதியைப் பற்றிப் பேசுகிறவன் கடைசியில் வந்து சேரவேண்டிய இடம் பாய்லரின் உட்சுவர்தான்.

இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு 2015-இல் ஓடத் தொடங்கின. அவற்றில் இருப்பவை சி.எஃப்.பி.சி. பாய்லர்கள். லிக்னைட்டைப் பொடியாக்கி ஊதி எரிப்பதற்குப் பதிலாக, மணல்போன்ற சூடான துகள்களைக் காற்றால் கிளப்பி, அந்தப் புழுதிப்புயலுக்குள் லிக்னைட்டை எரிப்பார்கள். வெப்பம் ஏறக்குறைய 850 டிகிரி. எரியாமல் பறந்து வரும் துகள்களையும் மணலையும் சைக்ளோன் என்ற பெரிய கூம்புக்குள் சுழற்றிப் பிரித்துத் திரும்ப அடுப்புக்கே அனுப்புவார்கள். அந்தக் கூம்பின் உட்சுவரை எண்ணிப் பாருங்கள். இரவும் பகலும் சூட்டு மணல் உராய்ந்துகொண்டே இருக்கும். எங்காவது ஒரு கோளாறு, யூனிட் டிரிப் ஆனது என்றால் சட்டென்று சூடு இறங்கும். மறுபடி லைட்டப் செய்தால் ஏறும். தேய்மானமும் அதிர்ச்சியும் ஒரே சுவருக்கு.

அந்தச் சுவர் காஸ்டபிள் கொண்டு வார்த்தது. சிமென்ட்போலவே மூட்டையில் வரும். சுட்ட களிமண் குருணை, பாக்சைட், அலுமினா, அவற்றைப் பிணைக்கக் கால்சியம் அலுமினேட் சிமென்ட். தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஷட்டரிங் கட்டி, வைப்ரேட்டர் வைத்து ஊற்றவேண்டும். பார்க்கச் சாதாரணக் கான்கிரீட். ஆனால் இந்தக் குருணை சேர்ப்பதில் ஒரு பெரிய ஞானம் இருக்கிறது. நம் ஊர் வேளார்கள் ஐயனார் குதிரைக்கு மண் பிசையும்போது மணலும் உமியும் சேர்ப்பார்கள். சேர்க்காமல் வெறும் களிமண்ணில் அவ்வளவு பெரிய உருவத்தைச் செய்தால் காயும்போதே வெடிக்கும், தப்பினால் சூளையில் வெடிக்கும். அவர்கள் கைக்குத் தெரிந்ததைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் ஹாசல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1969-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் முதலில் கேட்பவரைத் திகைக்கவைக்கும். வெப்ப அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய செங்கல் மிக வலிமையாக இருக்கக்கூடாது. வலிமையான, குறையற்ற பீங்கான் எல்லா அழுத்தத்தையும் உள்ளே சேர்த்துவைத்துக்கொண்டு கடைசி வரை விறைத்து நிற்கும்; விரிசல் விட்டால் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் அந்த ஒரு விரிசலை ஓட்டும்; செங்கல் இரண்டாகப் பிளக்கும். ஏற்கெனவே உள்ளெங்கும் நூற்றுக்கணக்கான சின்னக் கீறல்கள் கொண்ட செங்கலில், ஒவ்வொரு கீறலும் இத்தனூண்டு நகர்ந்து ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்ளும். வலிமையில் கொஞ்சம் குறையும், உயிர் போகாது.

குருணையும் அதைச் சுற்றியுள்ள பிணைப்பும் சுருங்கும் அளவு வேறு வேறாக இருப்பதால் குருணையின் ஓரமெல்லாம் மயிரிழைக் கீறல்கள் தாமாகவே உண்டாகின்றன. பெரிய விரிசல் வரும். ஒரு குருணையில் முட்டும். அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வளையும், கிளைக்கும், களைக்கும். உடைந்த காஸ்டபிள் துண்டு கையில் கிடைத்தால் அதன் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி உடைந்த முகம் வழவழவென்றிருக்கும். இது மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த ஒவ்வொரு மேட்டுக்கும் விரிசல் விலை கொடுத்திருக்கிறது.

இதோடு விடவில்லை. கலவையில் எடையில் இரண்டு சதவீதம்போல எஃகு ஊசி சேர்ப்பார்கள். ஓர் அங்குல நீளம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்த ஊசி செய்யும் முறையே ஒரு தனி ரசனைக்குரியது. கம்பி இழுத்து நறுக்கினால் செலவு. அதற்குப் பதிலாக உருகிய எஃகின் மேற்பரப்பை விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு குளிர்ந்த சக்கரம் சுழன்றபடி தொடும். தொட்ட இடத்தில் எஃகு கணத்தில் உறைந்து, நறுக்கிய ஊசியாகத் தெறித்து விழும். பழைய இரும்பை உருக்கியே செய்யலாம். அப்படி விழுந்த ஊசியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. பிறைபோல் வளைந்து, மேனி சொரசொரப்பாக இருக்கும். மலிவான முறையில் வந்த அந்தக் கோணல்தான் அதன் பெருமை. வழவழப்பான கம்பி காஸ்டபிளுக்குள்ளிருந்து எளிதாக உருவிக்கொண்டு வந்துவிடும். கோணல் ஊசி வராது.

ஊசி விரிசல் விடுவதைத் தடுப்பதில்லை. காஸ்டபிள் விரிசல் விடும். விட்டபின் இரு கரையையும் ஊசிகள் பாலம்போட்டுப் பிடித்துக்கொள்ளும். கரைகள் விலகவேண்டுமானால் ஒவ்வோர் ஊசியையும் அதன் குழியிலிருந்து உரசி உருவவேண்டும். அந்த உரசலில்தான் ஆற்றல் கரைகிறது. ஊசியில்லாச் சுவரில் துண்டு பெயர்ந்து சைக்ளோனுக்குள் விழுந்து அடைப்பு உண்டாக்கும். ஊசி போட்ட சுவரில் விரிசல்கள் தெரியும், ஆனால் துண்டு தன் இடத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். அடுத்த ஓவர்ஹால் வரை ஓட்டிவிடலாம்.

எஃகு சூட்டில் கருகாதா என்று கேட்கலாம். கருகும். சாதாரண 304 ரக ஊசி 1000 டிகிரியை நெருங்கினால் தாக்குப்பிடிக்காது. கூடுதல் நிக்கலும் குரோமியமும் கொண்ட 310 ரகம் இன்னும் கொஞ்சம் மேலே போகும். ஆனால் சுவரின் சூட்டு முகம் மட்டும்தான் அந்த வெப்பத்தைப் பார்க்கிறது. வெளிப்பக்கம் போகப் போகச் சூடு இறங்கிக்கொண்டே வரும். முகப்பில் சில மில்லிமீட்டர் ஊசிகள் எரிந்து போனாலும், விரிசல் ஆழப்போகும் இடத்தில் ஊசிகள் உயிரோடு காத்திருக்கும். எந்த ஊசி பலி, எந்த ஊசி காவல் என்பதைச் சுவரின் வெப்பச் சரிவே தீர்மானிக்கிறது. அளவு மீறினாலும் ஆகாது. நான்கு சதவீதத்தைத் தாண்டினால் ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகிவிடும். கலவை ஷட்டரிங்குக்குள் இறங்க மறுக்கும்.

இன்னொரு இழையும் போடுகிறார்கள். அது எஃகு ஊசிக்கு எல்லா விதத்திலும் எதிர். பாலிபுரொப்பிலீன், சாக்கு நெய்யும் அதே பிளாஸ்டிக், மயிரைவிட மெல்லியது, எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புதுச் சுவரை முதன்முதலில் சூடேற்றும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். நல்ல காஸ்டபிள் என்றால் நெருக்கமாக இருக்கும், வழி இருக்காது, ஆவியின் அழுத்தத்தில் சுவர் வெடித்துச் சிதறும். பிளாஸ்டிக் இழை 165 டிகிரி வாக்கில் உருகி ஒதுங்கிக்கொள்ளும். அது இருந்த இடம் நுண்குழாயாகிறது. ஆவி அதன் வழியே கசிந்து வெளியேறுகிறது. டிரை-அவுட் முடியும்போது இழை இருந்த சுவடுதான் இருக்கும். தன் உடம்பை அழித்து வழிவிடுவதற்கென்றே ஒரு பொருளைக் கலவையில் சேர்த்தவரின் சிந்தனையை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இங்கே தாரும் திரும்ப வருகிறது. காஸ்டபிளைப் பாய்லர் தகட்டோடு பிடித்துவைக்க ‘வி’ வடிவ ஆங்கர்களை வெல்டு செய்வார்கள். ஊற்றுவதற்கு முன் ஆங்கர்களுக்குத் தார் பூசவேண்டும். அல்லது நுனியில் பிளாஸ்டிக் மூடி போடவேண்டும். சூடேறியதும் பூச்சு எரிந்து ஒரு மெல்லிய இடைவெளி விட்டுப் போகும். எஃகு அந்த இடைவெளிக்குள் விரிந்துகொள்ளும். கோபுரத்தில் டிஸ்க்கின் பின்னுக்குப் பூசியதும் இதற்குத்தான். ஒன்று வெளி வெயிலைத் தாங்க, மற்றொன்று 850 டிகிரியைத் தாங்க. மின்பகுதிக்காரர்களும் பாய்லர்க்காரர்களும் ஒருவரையொருவர் கலந்து பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை; இரும்பும் பீங்கானும் பக்கத்தில் பக்கத்தில் வாழவேண்டிய இடமெல்லாம் இந்த விடை தானாகவே வந்து நிற்கிறது. ஆங்கரில் இந்தப் பூச்சு விட்டுப்போன இடத்தை ஓவர்ஹாலில் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வோர் ஆங்கரின் நுனியிலிருந்தும் நட்சத்திரம்போலக் கீறல்கள் கிளம்பியிருக்கும். ஒரு டப்பா தாரின் விலை என்ன, ஒரு நாள் யூனிட் நின்றால் நட்டம் என்ன என்று யோசித்தால் கோபம்தான் வரும்.

இதே தத்துவத்தின் மற்றொரு முகத்தைச் சிமென்ட் சூளையில் பார்க்கலாம். அரியலூரும் டால்மியாபுரமும் நெய்வேலிக்கு அதிகத் தூரமில்லை. அந்தச் சூளைகளில் அதிகச் சூடு தாங்கும் பகுதிக்கு மக்னீசியாச் செங்கல் வேண்டும். சேலத்துச் சுண்ணாம்புக் கரடு என்று சொல்கிறோமே, அங்கே கிடைக்கும் வெள்ளைக்கல் மக்னசைட்டைச் சுட்டால் வருவது மக்னீசியா. சூட்டைத் தாங்குவதில் அதை வெல்ல ஆளில்லை; ஆனால் விரிவு அதிகம், சட்டென்று ஆறினால் வெடிக்கும். முன்பெல்லாம் குரோம் கலந்தார்கள். அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியக் கழிவு உண்டாவதால் கைவிட்டு வருகிறார்கள். இப்போது கலப்பது ஸ்பினல் என்ற மக்னீசியம் அலுமினியம் ஆக்சைடு. மக்னீசியாவைவிட அது குறைவாகச் சுருங்கும். செங்கல் ஆறும்போது ஒவ்வொரு ஸ்பினல் மணியையும் சுற்றி மக்னீசியா இறுகி, இறுக்கம் தாளாமல் மணியிலிருந்து கிளம்பும் நுண்கீறல்களாக விட்டுக்கொடுக்கிறது. ஆலையில் செங்கல் விற்பனைக்குப் போகும்போதே உள்ளே கீறல்கள் நிறைந்துதான் போகின்றன. வாங்குபவரும் தெரிந்துதான் வாங்குகிறார். சூளை நின்று ஓடும்போது செங்கலைக் காப்பாற்றுபவை அந்தக் கீறல்களே.

கீறல் வேண்டாத இடமும் உண்டு. டிஸ்க் பீங்கானில் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் இருக்கும். ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் மணி வடிவம் மாறித் திடீரென்று சுருங்கும். சுற்றிலும், உருகி இறுகிய ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியைக் கீறிவிடும். கோபுரத்தில் தொங்கும் மெல்லிய உடம்புக்கு அந்தக் கீறல் ஆகாது. குவார்ட்ஸை நீக்கி அலுமினா சேர்த்தால் தரநிலை எண் 50-லிருந்து 90-க்கு ஏறும், கிளேஸோடு 110. விலையும் ஏறும். அலுமினா வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. குவார்ட்ஸை இன்னும் பொடியாக அரைக்கவேண்டும். மணி சின்னதானால் அது உண்டாக்கும் கீறலும் சின்னதாகும், ஒரு அளவுக்குக் கீழே கீறல் வராமலே போகும். அதற்காக மாவாக்கிவிடக் கூடாது; உருகிய ஃபெல்ட்ஸ்பாரில் குவார்ட்ஸ் கரைந்து, பொருள் கண்ணாடியாகிவிடும். பத்து முதல் முப்பது மைக்ரான் என்பது அனுபவத்தில் கண்ட இடம். விருத்தாசலத்துச் சின்னச் சூளைக்காரர் ஒருவர் உருளை ஆலையைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால், சர்வதேச ஆய்விதழ்களில் வந்த விஷயத்தைக் கரண்ட் பில் ஒன்றின் விலையில் செய்துமுடிக்கிறார்.

லிக்னைட் விழும் சரிவுத்தொட்டிகளுக்கும் கன்வேயர் உருளைகளுக்கும் ஒட்டும் அலுமினா ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேய்மானத்துக்கு அலுமினா, மோதலுக்கு அது ஆகாது. பெரிய ஓடாக ஒட்டினால் ஒரே அடியில் குறுக்கே பிளந்துவிடும். அதனால் இருபது மில்லிமீட்டர் சதுரங்களாகவோ அறுகோணங்களாகவோ செய்து ரப்பருக்குள் பதிக்கிறார்கள். கார்போரண்டம் யூனிவர்சல் ஓசூரில் தேய்மான ஓடுகள் செய்கிறது. மோதல் வந்தால் ரப்பர் அமுங்கும்; உடைந்தால் ஒரு சதுரம் உடையும்; விரிசல் ரப்பரைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. கடினமான சின்னத் துண்டுகள், இடையில் மெத்தென்ற மெல்லிய ஏதோ ஒன்று. கடலில் முத்துச்சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தை இதே கணக்கில்தான் அடுக்குகிறது.

சூட்டில் ரப்பர் உதவாது என்றால்? 1990-இல் பிரிட்டனில் கிளெக்கும் உடனிருந்தோரும் செய்ததைச் சொல்லவேண்டும். சிலிக்கான் கார்பைடுப் பொடியைப் பிசின் சேர்த்து மெல்லிய தாளாக இழுத்து, ஒவ்வொரு தாளுக்கும் கிராஃபைட் பூசி, அடுக்கி அமுக்கிச் சுட்டார்கள். அவ்வளவுதான். விசேஷ இயந்திரம் ஏதுமில்லை. விரிசல் ஒரு தாளைக் கடக்கும்; கிராஃபைட்டைத் தொட்டவுடன் நேரே போகாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும்; அடுத்த தாளை உடைக்கப் புதிதாகத் தொடங்கவேண்டும். விரிசலை எதிர்க்கும் அளவு 3.6-லிருந்து 17-க்கு மேல் ஏறியது. உடைக்கத் தேவையான ஆற்றல் நூறு மடங்கைத் தாண்டியது. கட்டுரையின் தலைப்பே உறுதியான செராமிக் செய்ய ஓர் எளிய வழி என்றுதான். காற்றுபடும் அதிகச் சூட்டில் கிராஃபைட் எரிந்துபோகும் என்ற குறை அதற்கு உண்டு. இருந்தும், கடை கடையாக விற்கும் இரண்டு பொடிகளை வைத்து அந்த உயரத்தை எட்டினார்களே என்பதில் எனக்கு அன்றும் இன்றும் வியப்பு.

இவ்வளவும் கடைசியில் வந்து விழுவது காஸ்டபிள் கலக்கும் ஆளின் உள்ளங்கையில். தண்ணீர் சரியா என்று பார்க்க அவர் கலவையில் ஒரு கைப்பிடி எடுத்து உருண்டையாக்குவார். ஓர் அடி உயரம் தூக்கிப்போட்டுப் பிடிப்பார். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். உருண்டை உருவம் குலையாமல் உள்ளங்கையில் லேசாகப் படிந்து உட்கார்ந்தால் சரி. இது அனுபவஸ்தர்களின் வெறும் வழக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அமெரிக்கத் தரநிலைப் புத்தகத்திலேயே முறையாக எழுதப்பட்ட சோதனை. அதிகமாக ஊற்றும் ஒவ்வொரு மக்குத் தண்ணீரும் காய்ந்தபின் சுவருக்குள் வெற்றிடம். வெற்றிடம் கூடினால் ஊசியைப் பற்றிப்பிடிக்கும் பிடி தளரும். உரசலே இல்லாமல் ஊசி உருவிக்கொண்டு வரும். இரண்டு சதவீத எஃகுக்குக் கொடுத்த காசு வீண். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தண்ணீரைக் கூட்டச் சொல்லும் மேற்பார்வையாளரிடம், உருண்டையைக் காட்டி, முடியாது என்று சொல்லும் கலவைக்காரர் எந்தச் சைட்டிலாவது இருந்தால், அந்தக் காண்ட்ராக்டர் அவருக்கு இரட்டைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.